திருமண மண்டபத்து போர்வெல் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் எங்கள் குடிநீர்க் குழாயில் வருகிறது. யார் மீது நடவடிக்கை எடுப்பது?

கேள்வி: தென்மாவட்ட நகராட்சி ஒன்றில் குடியிருக்கிறோம். மூன்று நாளைக்கு ஒருமுறை ஆற்றுத் தண்ணீர் விடுகிறார்கள். முதல் கால் மணி நேரம் சாக்கடை நாற்றத்தோடு கலங்கலாக வருகிறது. தண்ணீர் விடாத நாளிலும் சில சமயம் குழாயில் உப்புத் தண்ணீர் சொட்டுகிறது. தெருமுனைத் திருமண மண்டபத்தில் குடிநீர் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். போர் லைனும் அதோடு சேர்ந்திருக்கிறது என்கிறார் பிளம்பர். இரண்டு வீட்டுப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். நகராட்சியில் நேரில் சொன்னோம். 'உங்கள் வீட்டு பைப்தான் சரியில்லை' என்று அனுப்பிவிட்டார்கள். மண்டபத்தின் இணைப்பைத் துண்டிக்க வைக்க முடியுமா? நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: துண்டிக்க வைக்கலாம். நஷ்டஈடு அதைவிடக் கடினம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில், நீங்கள் எழுதியிருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. இரண்டுக்கும் ஆதாரம் வேறு.

உப்புத் தண்ணீர் வருவது போர் லைன் சேர்ந்திருப்பதால் இருக்கலாம். போர் தண்ணீர் ஏற்றும் மண்டபத்து மேல்நிலைத் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் தரும். தெருக்குழாய் காலியாக இருக்கும் நேரத்தில் அந்தத் தண்ணீர் மண்டபத்து இணைப்பு வழியாகவே பின்னோக்கி இறங்கி உங்கள் வீடுகளுக்கு வந்துவிடும். சாக்கடை நாற்றத்தின் வழி வேறு. மோட்டார் உறிஞ்சும்போது தெருக்குழாயில் எதிர்மறை அழுத்தம் உண்டாகிறது. அப்போது சாக்கடைக்குள்ளோ அதன் ஓரத்திலோ ஓடும் துருப்பிடித்த குழாய், தளர்ந்த ஜாயின்ட் எது இருந்தாலும் கழிவுநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆக, மோட்டாருக்கு மண்டபம் பதில் சொல்ல வேண்டும். ஓட்டைக் குழாய்க்கும், மோட்டாரை விட்டுவைத்ததற்கும் நகராட்சி பதில் சொல்ல வேண்டும். மண்டபத்தின் மேல் மட்டும் புகார் கொடுத்தால் நகராட்சி நழுவிக்கொள்ளும்.

மனு எழுதும் முன் உங்கள் தெருவைப் பாருங்கள். கையெழுத்துப் போடுகிறவர்களில் ஒருவர் வீட்டில் மோட்டார் இருந்தாலும் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் காட்டும். உங்கள் வீட்டு இணைப்புக் குழாய் சாக்கடைக்குள் ஓடினால் அதையும் மாற்றுங்கள். 'உங்கள் பைப்' என்ற பதிலுக்கு அப்புறம் இடமில்லை.

ஆதாரத்தில் பலர் சறுக்குவது, சோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுப்பதில். அதிகாரிகள் பெரும்பாலும் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் கழித்து வந்து பாட்டிலில் பிடிப்பார்கள். அதற்குள் அழுக்கு கழுவிப் போயிருக்கும், அறிக்கையும் 'நன்று' என்று வரும். அதனால் முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு மாதிரி, அரை மணி கழித்து ஒரு மாதிரி என இரண்டு கேளுங்கள். தொட்டிக்குப் போகும் முன் உள்ள நல்லியில் பிடிக்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கிருமி நீக்கிய பாட்டில் கேட்டு வாங்குங்கள். குளோரினைச் செயலிழக்கச் செய்ய அதில் சோடியம் தயோசல்பேட் போட்டிருக்கும், கழுவிவிடாதீர்கள். ஐஸில் வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-படி, 100 மில்லி தண்ணீரில் மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமி தென்படவே கூடாது. மீத குளோரின் (தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரின்) லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் கிருமியைக் காட்டாது. ஆனால் போர் லைன் கலப்பைக் காட்ட அது நல்ல கருவி: தண்ணீர் விடாத நாளில் உங்கள் நல்லியில் சொட்டும் நீரின் டி.டி.எஸ். அளவும் மண்டபத்து போர் தண்ணீரின் அளவும் ஒத்துப்போய், ஆற்றுத் தண்ணீரின் அளவு வெகுவாகக் குறைந்திருந்தால், சந்தேகத்துக்கு வலு வந்துவிடும்.

கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: மண்டபத்தின் இணைப்பு அனுமதி நகல், உங்கள் வார்டின் ஆறு மாத குளோரின் சோதனைப் பதிவு, புகார்ப் பதிவேடு. பதில் தர 30 நாள் உண்டு. உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்று காரணம் எழுதி 48 மணி நேரத்தில் கேட்கவும் 7(1) பிரிவு இடம் தருகிறது. நகராட்சி ஆணையருக்கு எழுத்துப்பூர்வப் புகார் பதிவுத் தபாலில் போகட்டும். வாய்மொழியாகச் சொன்னதற்குக் கோப்பில் இடமில்லை.

அடுத்து கோட்டாட்சியர். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-வது பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133) பொதுத் தொல்லையை அகற்ற நிபந்தனை உத்தரவு போட அவருக்கு அதிகாரம் தருகிறது. விசாரணை முடியும் வரை ஆபத்து காத்திருக்காது என்பதால், 161-வது பிரிவில் உடனடித் தடையும் சேர்த்துக் கேளுங்கள். பணமில்லை என்று நகராட்சி சொன்னால், அந்தக் காரணத்தால் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று 1980-ல் ரத்லம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை மனுவிலேயே எழுதுங்கள். அதுவும் பழைய 133-வது பிரிவில் எழுந்த வழக்குதான்.

'நடவடிக்கை எடுக்கவும்' என்று மொட்டையாக முடிக்காதீர்கள். மோட்டாரை இணைப்பிலிருந்து கழற்ற வேண்டும். போர் லைனை முற்றாகப் பிரிக்க வேண்டும். நகராட்சித் தண்ணீர் தரைமட்டத் தொட்டியில் மட்டும் விழ வேண்டும். குழாயின் வாய், தொட்டி நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேலே, குழாய் விட்டத்தைப் போல் இரு மடங்கு, குறைந்தது 25 மில்லிமீட்டர் இடைவெளியோடு இருக்க வேண்டும். சாக்கடையோரப் பழுதுகளை நகராட்சி தோண்டி மாற்றி, குழாயை குளோரின் போட்டுக் கழுவ வேண்டும். 'நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வு) போட்டுவிட்டோம்' என்று மண்டபம் சமாதானம் சொல்லும். ஏற்காதீர்கள். ஒரு மணல் துகள் சிக்கினாலே அதன் கதவு முழுதாக மூடாது. மோட்டார் உறிஞ்சுவதை அது தடுக்கவும் செய்யாது.

போலீஸ் புகாரை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். புகார் எழுதித் தருகிறவர்கள் வழக்கமாகப் போடும் பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 279-வது பிரிவு, பொது ஊற்று, நீர்த்தேக்கம் பற்றியது. தெருக்குழாய்க்கு அது பொருந்துமா என்று வாதம் வரும். நோய் பரவ வாய்ப்புள்ள கவனக்குறைவான செயலுக்கான 271, குடிநீர் வரத்தைக் குறைப்பதற்கான 326(அ) இரண்டும் இங்கே பொருத்தமானவை.

நஷ்டஈட்டில் சிக்கல், இந்தத் தண்ணீரால்தான் இந்த நோய் என்று காட்டுவது. மருத்துவமனைச் சுருக்கம், மலப் பரிசோதனை, ரசீதுகள், அதே வாரத்தில் எந்தெந்த வீட்டில் யார் யாருக்கு என்ற பட்டியல் எல்லாம் சேருங்கள். பட்டியலின் நகலை மாவட்ட சுகாதார அலுவலருக்கும் கொடுங்கள். நகராட்சிக்கு எதிராக நிரந்தர மக்கள் நீதிமன்றம் நல்ல வழி. தண்ணீர் வழங்கல் அதன் வரம்புக்குள் வரும் பொதுப் பயன்பாட்டுச் சேவை. 1 கோடி ரூபாய் வரை கேட்கலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. சமரசம் ஆகாவிட்டால் தீர்ப்பும் சொல்லும். அதற்கு மேல்முறையீடு கிடையாது. வேறு நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே அங்கே போக வேண்டும் என்பதால், எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

மண்டபத்து வால்வையோ மோட்டாரையோ நீங்களே கை வைத்துக் கழற்றாதீர்கள். வழக்கு உங்கள் மேல் திரும்பும். அதுவரை குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். வேலை முடிந்ததாக நகராட்சி சொன்னதும், அடுத்த இரண்டு தண்ணீர் விடும் நாட்களிலும் முதல் ஐந்து நிமிட மாதிரியைச் சோதித்து, அந்த அறிக்கை வந்த பிறகே கோப்பை முடிக்க வேண்டும் என்று கோட்டாட்சியரிடம் எழுதிக் கொடுங்கள்.