30 நாளில் கைநழுவக்கூடிய வீடு

கேள்வி: அயோவா மாநிலம் பெல்லாவில் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். எச்1பி விசா. அமெரிக்கா வந்து 14 மாதம்தான் ஆகிறது; கிரெடிட் ஹிஸ்டரி போதாது என்று பேங்கில் லோன் தரவில்லை. தெரிந்த பெரியவர் ஒருவர், ஊர் எல்லையில் 1961-இல் கட்டிய தன் வீட்டை 1,62,000 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். "பேங்க் வேண்டாம். 20,000 முன்பணம் கொடு, மீதியை 6 சதவீத வட்டியில் மாதம் 915 டாலராக என்னிடமே கட்டு, 5 வருடம் கழித்து பாக்கியை மொத்தமாகத் தீர்த்துவிடு, அப்போது டீட் (கிரயப் பத்திரம்) தருகிறேன்" என்கிறார். வீடு அவர் பெயரில் மட்டும் இருக்கிறது. மனைவி முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். வீட்டின் மேல் சின்ன பேங்க் லோன் ஒன்றும் உண்டாம். "இங்கே எல்லாரும் இப்படித்தான், வக்கீலெல்லாம் எதற்கு" என்கிறார். நம்பி இறங்கலாமா?

பதில்: பெரியவர் சொல்வதில் பொய் இல்லை. அயோவாவின் சிற்றூர்களில் வீடும் நிலமும் இப்படிக் கைமாறுவது பழைய வழக்கம். "கான்ட்ராக்ட்டில் வாங்கினேன்" என்பார்கள். மாநில வக்கீல்கள் சங்கமே இதற்கென்று ஒரு அச்சுப் படிவம் வைத்திருக்கிறது. வக்கீல் வேண்டாம் என்ற கடைசி வரியை மட்டும் கேட்காதீர்கள். நானும் வக்கீல்தான், வேறென்ன சொல்வேன் என்று நினைப்பீர்கள். சரி, முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஊரில் அட்வான்ஸ் கொடுத்து கிரய ஒப்பந்தம் போடுவோமே, அது போலத்தான் இதுவும் என்று தோன்றும். அப்படி இல்லை. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தே வரி, இன்ஷூரன்ஸ், கூரை ஒழுகினால் கூரை, எல்லாம் உங்கள் தலையில். டீட் மட்டும் கடைசித் தவணை வரை அவர் பெயரிலேயே இருக்கும். ஒரு தவணை தவறினால் என்ன ஆகும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அயோவா சட்டத் தொகுப்பின் 656-ஆம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தவணை நின்றால், விற்றவர் உங்களுக்கு முறைப்படி நோட்டீஸ் சேர்ப்பிப்பார். அதிலிருந்து 30 நாள். அதற்குள் பாக்கியைக் கட்டிவிட்டால் தப்பித்தீர்கள். கட்டாவிட்டால் ஒப்பந்தம் ரத்து, வீடு அவருக்கே. நீதிபதி இல்லை, ஏலம் இல்லை. நோட்டீஸ் சேர்ப்பித்ததற்கான ஆவணங்களை கவுன்டி ரெக்கார்டர் ஆபீஸில் (நம் ஊர் பதிவு அலுவலகம் மாதிரி) பதிவு செய்தால் அவர் வேலை முடிந்தது. அதுவரை நீங்கள் கட்டிய பணம், அந்த வீட்டில் இருந்ததற்கான வாடகை மாதிரி போய்விடும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டியிருப்பீர்கள்: 36 தவணை, 32,940 டாலர். முன்பணத்தோடு சேர்த்து 52,940. நாலாவது வருடத்தில் வேலை போகிறது. எச்1பியில் இருப்பவருக்கு வேலை போனால், வேறு முதலாளியைப் பிடிக்கவோ விசாவை மாற்றவோ அதிகபட்சம் 60 நாள். அந்த 60 நாளுக்குள் இந்த 30 நாளும் அடங்கிவிடும்! வேலை தேடுவீர்களா, நோட்டீஸுக்குப் பணம் புரட்டுவீர்களா? பக்கத்து வீட்டு அமெரிக்கருக்கு இது ஒரு கடினமான மாதம். உங்களுக்கு வீடும் விசாவும் ஒரே மாதத்தில் ஆட்டம் காணும்.

பேங்க் அடமானக் கடனாக இருந்தால் கதை வேறு. அயோவாவில் அடமான வீட்டைப் பிடிக்க பேங்க் கோர்ட்டுக்குப் போக வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும், ஏலத்தில் கடன்கள் போக மிச்சம் வந்தால் அது உங்களுக்கு. அந்த மாதங்களில் நீங்களே வீட்டை விற்று வெளியே வரவும் வழி உண்டு.

அதனால் என் முதல் யோசனை, பெரியவரிடம் இப்படிக் கேளுங்கள்: "ஐந்து வருடம் கழித்துத் தரும் டீடை இப்போதே எழுதிக் கொடுங்கள். பாக்கி 1,42,000-க்கு புரோநோட்டு எழுதி, அதே வீட்டை உங்களுக்கே அடமானம் வைக்கிறேன்." தொகை அதேதான், வட்டியும் தவணையும் அதேதான். நீங்கள் தவறினால் அவர் பேங்க் மாதிரி கோர்ட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தில்தான் உங்கள் முன்பணமும் அடைத்த அசலும் திரும்பி வர வழி இருக்கிறது. அவர் மறுக்கலாம். அவர் பக்கம் ஒரு வக்கீல் இருந்தால் மறுக்கத்தான் சொல்வார், நானே சொல்லியிருக்கிறேன்.

மறுத்தால் கான்ட்ராக்ட்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அச்சுப் படிவத்தில் அப்படியே கையெழுத்துப் போடாமல் சிலவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். சட்டத்தில் உள்ள 30 நாள் குறைந்தபட்சம். ஒப்பந்தத்தில் 90 நாள் என்று எழுதலாம். டீடில் அவர் இப்போதே கையெழுத்திட்டு, ஒரு வக்கீலிடமோ பேங்கிலோ எஸ்க்ரோவில், அதாவது நீங்கள் பாக்கியைத் தீர்த்ததும் உங்களிடம் தரும்படி பொதுவான ஒருவர் பொறுப்பில், வைத்துவிட வேண்டும். வயதானவர், நடுவில் அவருக்கு ஏதாவது ஆனால் நீங்கள் வாரிசுகளின் பின்னால் டீடுக்காக அலையக் கூடாது. முன்கூட்டியே பாக்கியைத் தீர்க்க அபராதம் இல்லை என்று இருக்கட்டும். அப்புறம், வேலை மாறி வேறு ஊருக்குப் போக நேர்ந்தால் ஒப்பந்தத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் உரிமை. கான்ட்ராக்ட்டில் வாங்கிய வீட்டை நடுவில் விற்க அதுதான் நேரான வழி.

ஐந்தாவது வருடக் கடைசியில் வரும் மொத்தத் தொகையை நீங்கள் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். மாதம் 915 என்பது 25 வருடக் கணக்கில் வந்த தவணை. 60 தவணை கட்டிய பிறகும் அசல் ஏறக்குறைய 1,27,700 டாலர் நிற்கும். அன்றைக்கு பேங்க் லோன் கிடைத்தால்தான் அதைத் தீர்க்க முடியும். கிடைக்காவிட்டால் அதுவும் தவறிய தவணைதான், மறுபடி அதே நோட்டீஸ். "பேங்க் மறுத்தால் இதே வட்டியில் இன்னும் இரண்டு வருடம்" என்று ஒரு வரியாவது வேண்டும். தவணைகளை ரொக்கமாகக் கொடுக்காமல் செக்கிலோ பேங்க் டிரான்ஸ்ஃபரிலோ கட்டுங்கள். அன்றைக்கு லோன் கேட்கும்போது அந்த 60 மாத ரசீதுதான் உங்கள் கிரெடிட் ஹிஸ்டரி.

அடுத்து, அவர் மனைவி. வீடு கணவர் பெயரில் மட்டும் இருந்தாலும், அது அவர்கள் குடியிருந்த வீடு என்றால் மனைவியும் கையெழுத்திட வேண்டும் என்கிறது அயோவா சட்டம், பிரிவு 561.13. இல்லாவிட்டால் அந்த விற்பனை செல்லாது. பராமரிப்பு இல்லத்துக்குப் போய்விட்டார், அதனால் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவர் புரிந்து கையெழுத்திடும் நிலையில் இருந்தால் நோட்டரியை அங்கேயே அழைத்துப் போகலாம். நினைவு தவறியவர் என்றால், நல்ல நிலையில் இருந்தபோது எழுதிக் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னி இருக்கிறதா, அதன் வாசகம் இந்த விற்பனைக்குப் போதுமா என்று பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் கோர்ட் வழியாகத்தான். இது தீராமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

பேங்க் லோன் சின்னது என்கிறார். சின்னதோ பெரியதோ, வீடு கைமாறினால் முழுக் கடனையும் உடனே கேட்கலாம் என்ற ஷரத்து அநேகமாக அந்தப் பத்திரத்தில் இருக்கும். 1982-இன் ஃபெடரல் சட்டம் ஒன்று அதைச் செல்லுபடியாக்குகிறது. கான்ட்ராக்ட்டில் விற்பதும் அதில் வரும். உங்கள் 20,000-ஐ அவர் கையில் தராமல், அதிலிருந்து அந்த லோனை நேராக பேங்கில் அடைத்து, அடமான விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்துகொண்டு மீதியை அவரிடம் கொடுங்கள். லோன் 20,000-க்கு மேல் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.

டைட்டில், அதாவது சொத்துரிமை, விஷயத்தில் அயோவா ஒரு தனி உலகம். மற்ற மாநிலங்களில் டைட்டில் இன்ஷூரன்ஸ் வாங்குவார்கள். இங்கே 1947 முதல் அதை விற்கத் தடை. பதிலாக, ஒவ்வொரு வீட்டுக்கும் "அப்ஸ்ட்ராக்ட்" என்று ஒரு காகிதக் கட்டு இருக்கும். ஆதியிலிருந்து யார் யாருக்கு விற்றார், என்ன அடமானம், என்ன வழக்கு என்று வரிசையாக. நம் தாய்ப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் சேர்த்துத் தைத்த மாதிரி. அதை இன்றைய தேதி வரை புதுப்பித்து, ஒரு வக்கீல் படித்துக் கருத்து எழுதித் தருவார். அதன் மேல் அயோவா டைட்டில் கேரன்ட்டி என்ற அரசு அமைப்பின் உத்தரவாதச் சான்றும் வாங்கலாம். கான்ட்ராக்ட் விற்பனையில் பலர் இதைக் கடைசித் தவணை வரை தள்ளிப்போடுவார்கள். ஐந்து வருடம் கட்டிய பிறகு டைட்டிலில் ஓட்டை என்று தெரிந்து என்ன பயன்? இப்போதே பார்க்க வேண்டும்.

வீட்டை விற்பவர் ஒப்பந்தத்தை 90 நாளுக்குள் கவுன்டியில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அவருக்காகக் காத்திருக்காமல் கையெழுத்தான அன்றே பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவானால் பிறகு அவர் மேல் வரும் கடன்காரர்கள் உங்களைத் தாண்டி வர முடியாது. குடியிருப்பவருக்கான சொத்து வரிச் சலுகைக்கும் நீங்கள் விண்ணப்பிக்கலாம்.

மற்றவை சட்டென்று. ஊர் எல்லை என்கிறீர்கள், செப்டிக் டேங்க் இருந்தால் கைமாறும் முன் சான்று பெற்ற ஆய்வாளரின் சோதனை 2009 முதல் கட்டாயம். 1978-க்கு முந்தைய வீடு என்பதால் ஈய பெயின்ட் பற்றிய அறிவிப்பை அவர் உங்களுக்குத் தர வேண்டும். மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவுக்கு அயோவா முழுவதுமே அதிக ஆபத்துப் பகுதி, பேஸ்மென்ட்டில் சோதனை வையுங்கள். சொத்து வரி இங்கே பின்தங்கிக் கட்டுவது, செப்டம்பரிலும் மார்ச்சிலும். அவர் இருந்த காலத்து வரியை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் பெரியவரைப் பார்த்தால் அப்ஸ்ட்ராக்ட் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். வீட்டு அலமாரியில் இருக்கலாம், லோன் கொடுத்த பேங்கில் இருக்கலாம். எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் போங்கள், முன்பணத்துக்கு முன்.