கோ பாங்கன் தீவின் பௌர்ணமி இரவு: வாசகர் கேள்விகள்

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் தாய்லாந்து செல்கிறோம். கோ பாங்கன் தீவில் பௌர்ணமிதோறும் விடிய விடிய நடக்கும் 'ஃபுல் மூன் பார்ட்டி'யில் கலந்துகொள்ள ஆசைப்படுகிறோம். அறையைப் பக்கத்துத் தீவான கோ சமூயில் எடுத்துக்கொண்டு, மாலையில் படகில் போய், முடிந்ததும் அன்றிரவே திரும்பிவிடலாம் என்று திட்டமிட்டிருக்கிறோம். இது சரியாக வருமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் உங்கள் திட்டத்தில் ஒரே ஒரு பகுதியை, இரவில் படகேறித் திரும்புவதை மட்டும், மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். பௌர்ணமி இரவுகளில் இரண்டு தீவுகளுக்கும் இடையே விரைவுப் படகுகள் ஓடுவது உண்மைதான். போகும்போது எல்லோரும் தெளிவாக இருப்பார்கள். திரும்பும்போது களைப்பும் மதுவும் ஏறிய கூட்டம் கரையில் முண்டியடித்துக்கொண்டு நிற்கும். எப்படியாவது ஏறிவிட வேண்டும் என்ற அவசரத்தில் படகில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையோ உயிர்காப்பு உடை இருக்கிறதா என்பதையோ யாரும் பார்ப்பதில்லை. 2005 ஜனவரியில் இதே கொண்டாட்டம் முடிந்து சமூய்க்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு படகு, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்த நிலையில் கவிழ்ந்து, பத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். கட்டுப்பாடுகள் அதன்பின் கூடியிருக்கலாம். ஆனாலும் இருட்டும் கடலும் அவசரமும் ஒன்றுசேரும் பயணத்தைத் தவிர்க்க வழி இருக்கும்போது தவிர்த்துவிடுவதே நல்லது.

வழி இருக்கிறது. கொண்டாட்டம் நடக்கும் ஹாட் ரின், கோ பாங்கனின் தென்கிழக்கு மூலையில் கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு நிலமுனை. அதன் கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு கடற்கரைகள் உள்ளன. கிழக்குக் கரையில்தான் கூட்டம். மேற்குக் கரையில் அறை எடுத்தால் சில நிமிட நடையில் போய் வந்துவிடலாம். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கே வாடகை உயரும். குறைந்தது மூன்று நான்கு இரவுகளாவது தங்க வேண்டும் என்று பல விடுதிகள் நிபந்தனையும் போடும். அந்தச் செலவை வீண் என்று எண்ணாதீர்கள். மீதி நாட்களில் தீவின் கிழக்குப் பகுதியிலுள்ள தான் சதேத் அருவிக்குப் போகலாம். தாய்லாந்து மன்னர் ஐந்தாம் ராமா விரும்பிப் பலமுறை வந்த இடம் அது, அவருடைய பெயரின் முதலெழுத்துகள் பாறையில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

கோ பாங்கனில் விமான நிலையம் இல்லை. சமூய் வரை விமானத்தில் வந்து படகு பிடிக்கலாம். அல்லது பெருநிலத்திலுள்ள சூரத் தானி நகர் வழியாக வந்து டோன்சாக் துறையிலிருந்து படகில் வரலாம். படகுகள் பெரும்பாலும் தோங் சாலா துறைக்கு வரும். அங்கிருந்து ஹாட் ரின் செல்லும் சாலை, கடைசிப் பகுதியில் செங்குத்தாக ஏறி இறங்கும். ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்து அந்தச் சாலையில் விழுந்து, கையிலும் காலிலும் கட்டுப்போட்டுக்கொண்டு விடுமுறையைக் கழிக்கும் பயணிகளை அந்தத் தீவில் எந்த நாளும் பார்க்கலாம். சோங்தேவ் என்னும் பகிர்வு வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். பின்புறத்தில் எதிரெதிராக இரண்டு இருக்கை வரிசைகள் கொண்ட வண்டி அது, பெயரின் பொருளும் 'இரண்டு வரிசை' என்பதுதான். வாடகை ஸ்கூட்டருக்கு அடமானமாகப் பாஸ்போர்ட்டை மட்டும் எந்தக் கடையிலும் கொடுத்துவிடாதீர்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது, இருசக்கர வாகன விபத்துக்கும் மது அருந்திய நிலையில் ஏற்படும் காயத்துக்கும் இழப்பீடு உண்டா என்று படித்துப் பாருங்கள். பல காப்பீடுகளில் இல்லை.

தாய்லாந்தில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும் என்ற விதி 2025 மே முதல் நடப்பில் இருக்கிறது. அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசின் தளம் அல்ல.

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள், இரண்டு தோழிகளுடன் இந்தக் கொண்டாட்டத்துக்குப் போகப் போவதாகச் சொல்கிறாள். எனக்குத் தூக்கமே வரவில்லை. போக வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
- வாசகி, மதுரை

பதில்: அம்மா, உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் சொந்தக் காலில் நிற்கும் மகளிடம் 'போகாதே' என்று சொன்னால், அவள் உங்களிடம் சொல்லாமல் போகக்கூடும். எங்கே தங்குகிறாள், யாருடன் இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியாமல் போவதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து. அவளாகவே உங்களிடம் சொல்லியிருக்கிறாள் என்பதை நினைத்து நான் மகிழ்கிறேன். ஆகவே தடுப்பதற்குப் பதிலாக, கீழே எழுதியிருப்பதை அவளுடன் உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் 'பக்கெட்' பற்றி. சிறு பிளாஸ்டிக் வாளியில் ஒரு சிறிய புட்டி மது, குளிர்பானம், காஃபின் கலந்த ஊக்கபானம், ஐஸ் எல்லாவற்றையும் ஊற்றி, பல ஸ்ட்ராக்களைப் போட்டுக் கடற்கரை நெடுகிலும் விற்பார்கள். இனிப்பு, மதுவின் காட்டத்தை மறைத்துவிடுகிறது. காஃபின், உடல் தளர்வதை மறைத்துவிடுகிறது. எவ்வளவு குடித்தோம் என்று உடம்பு சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாது. சொல்லும்போது காலம் கடந்திருக்கும். வாளியைக் கை மாற்றிக் குடிக்கும் வழக்கமும் இருப்பதால், வேறு யாராவது எதையாவது அதில் கலந்தாலும் தெரியாது. மது அருந்துவதும் அருந்தாததும் உங்கள் மகளின் முடிவு. அருந்துவதாக இருந்தால், கண் முன்னே மூடி திறக்கப்பட்ட புட்டியாக இருக்கட்டும், அதைக் கையிலிருந்து கீழே வைக்காமல் இருக்கட்டும். வைத்துவிட்டுப் போனதைத் திரும்ப எடுக்க வேண்டாம்.

மூவரும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்ப வேண்டும். மூவரில் ஒருவர் அன்றிரவு மதுவைத் தொடாமல் இருப்பதாக முன்பே பேசிக்கொள்வது நல்லது. கூட்டத்தில் தொலைபேசி கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. அந்த இரைச்சலில் மணி ஒலிப்பதே காதில் விழாது. ஆகவே பிரிந்துவிட்டால் எந்தக் கடையின் முன் வந்து நிற்பது என்பதை வெளிச்சம் இருக்கும்போதே முடிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155, மருத்துவ அவசர உதவிக்கு 1669. இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கையோடு வைத்திருக்கட்டும்.

மது அருந்திய பின் கடலில் இறங்கவே கூடாது. நீரோட்டம் இழுத்துச் செல்வது ஒருபுறம். இரவில் ஒருவர் மூழ்குவது பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. அந்தக் கடலில் உயிரைக் குடிக்கும் விஷமுள்ள பெட்டி ஜெல்லிமீனும் உண்டு. அது தீண்டிவிட்டால் தேய்க்காமல் வினிகரை ஊற்ற வேண்டும். அதற்காகவே அங்குள்ள கடற்கரைகள் பலவற்றில் வினிகர் புட்டிகளைக் கம்பத்தில் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: தாய்லாந்தில் கஞ்சாவுக்குத் தடை இல்லை என்கிறார்களே?
- வாசகர், சேலம்

பதில்: அது பழைய செய்தி. 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கினார்கள். 2025 ஜூன் முதல் மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கலாம் என்று மாற்றிவிட்டார்கள். மற்ற போதைப்பொருள்களுக்குத் தண்டனை மிகக் கடுமையானது. காளானை அரைத்துப் பழச்சாற்றில் கலந்து தருவதாக யாராவது சொன்னாலும் அது சட்டவிரோதமே. கூட்டத்தில் சாதாரண உடையில் போலீசார் இருப்பார்கள், சாலையில் சோதனையும் நடக்கும். பலருக்கும் தெரியாத இன்னொன்று, மின்சிகரெட்டுக்கும் அந்த நாட்டில் தடை உண்டு.

கேள்வி: பௌர்ணமி அன்றே தவறாமல் நடக்குமா?
- வாசகி, திருச்சி

பதில்: எப்போதும் இல்லை. மாக பூஜை, விசாக பூஜை, ஆசாள்ஹ பூஜை ஆகிய பௌத்தப் புனித நாட்கள் பௌர்ணமியில் வருகின்றன. அந்த மாதங்களில் கொண்டாட்டத்தை ஓரிரு நாள் தள்ளி வைப்பது வழக்கம். நாட்காட்டியை மட்டும் பார்த்து விமானச் சீட்டு எடுத்து ஏமாந்தவர்கள் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தப் பக்கத்தில் கனமழைக் காலம், குறிப்பாக நவம்பர், படகுகளே நின்றுபோகக்கூடும்.

கேள்வி: அப்படி அங்கே என்னதான் இருக்கிறது? மது அருந்தாதவர் போவதில் பொருள் உண்டா?
- வாசகர், ஈரோடு

பதில்: நிச்சயமாக உண்டு. 1980களில் ஒரு சில பயணிகள் குடில்களின் முன் நிலவொளியில் கூடியதில் தொடங்கி, ஒரே இரவில் பல்லாயிரம் பேர் திரளும் அளவுக்கு அது வளர்ந்திருக்கிறது. கரையோரக் கடைகள் ஒவ்வொன்றிலும் தனித்தனி இசை ஒலிக்கும். இருபது அடி நடந்தால் ஒரு தாளம் தேய்ந்து இன்னொன்று எழும். இருட்டில் ஒளிரும் சாயத்தை முகத்திலும் தோளிலும் பூசிக்கொண்டு, மொழி தெரியாதவர்கள் கைகோத்து ஆடுவார்கள். மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்திய கயிற்றைச் சுழற்றி, அதைத் தாண்டிக் குதிக்க அழைப்பார்கள். அதைத் தள்ளி நின்று பாருங்கள், காலில் கயிறு சுற்றித் தீக்காயம் பட்டவர்கள் மிகப் பலர். உடைந்த புட்டிகள் மணலில் புதைந்திருக்கும் என்பதால் பாதம் முழுவதையும் மூடும் காலணி அவசியம்.

மது அருந்தாதவருக்கு ஒரு வசதியும் இருக்கிறது. கிழக்கு நோக்கிய கரை என்பதால், மாலையில் முழுநிலவு கடலிலிருந்து எழும். அதே கடலிலிருந்து காலையில் சூரியனும் எழும். அந்த நேரத்தில் கூட்டத்தில் பெரும்பாலானோர் மணலில் உறங்கிக்கொண்டிருப்பார்கள். விழித்திருந்து இரண்டையும் பார்த்துவிட்டு, சில நிமிட தூரத்திலுள்ள அறைக்கு நடந்தே போய்ப் படுத்துக்கொள்ளலாம்.