தண்டனை முடிந்தும் திறக்காத கதவு

கேள்வி: லூயி தெரூ என்பவர் பி.பி.சி.க்காக எடுத்த ஆவணப்படம் ஒன்றை மகனோடு பார்த்தேன். குழந்தைகளைச் சீரழித்தவர்களைச் சிறைத்தண்டனை முடிந்த பிறகும் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் பூட்டி வைத்திருக்கிறார்கள். தாயாகப் பார்த்தால் சரியென்றே படுகிறது. ஆனாலும் மனம் முழுதாக ஒப்பவில்லை. இது நியாயமா? நம் ஊருக்கு அப்படி ஒருவன் திரும்பி வந்தால் என்ன செய்வது?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அம்மா, நீங்கள் பார்த்தது 2009இல் ஒளிபரப்பான படம். அதில் வரும் கோலிங்கா அரசு மருத்துவமனை, கலிபோர்னியாவில் 2005இல் திறக்கப்பட்டது. அங்கிருப்பவர்களைச் சட்டம் கைதிகள் என்று சொல்வதில்லை, நோயாளிகள் என்றே சொல்கிறது. விடுதலை நாள் நெருங்கும்போது மனநல வல்லுநர்கள் ஆராய்ந்து, இவர் மறுபடியும் தீங்கு செய்யக்கூடியவர் என்று கூறி, நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டால், சிறையிலிருந்து நேரே அங்கே அனுப்பிவிடுவார்கள். 2006இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டத்துக்குப் பிறகு அந்தக் காவலுக்குக் கால வரம்பும் இல்லை. இது ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை ஆகாதா என்ற கேள்வி, கான்சாஸ் மாநிலத்தின் இதுபோன்ற சட்டம் பற்றிய வழக்கு ஒன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, இது தண்டனையே அன்று என்று 1997இல் ஐந்து நீதிபதிகள் கூற, நால்வர் மறுத்தனர்.

நான் அந்த நால்வர் பக்கம். கோலிங்காவில் பலரும் சிகிச்சைக்கே வருவதில்லை. மனம் திறந்து சொல்லும் பழைய குற்றங்கள் நாளை நீதிமன்றத்தில் தமக்கு எதிராகவே திரும்பும் என்று அஞ்சுகிறார்கள். பலருக்குச் சிகிச்சையே நடக்காத இடத்துக்கு மருத்துவமனை என்று பெயர் வைப்பது எனக்கு ஏர்வாடி மனநலக் காப்பகத்தை நினைவூட்டுகிறது. அங்கிருந்தவர்கள் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள் என்பதை மறந்து நான் ஒப்பிடவில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ஓலைக் கொட்டகை பற்றியெரிந்தபோது, காலில் சங்கிலி கிடந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். காப்பகம் என்ற பெயரை நம்பி, உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்காமல் இருந்துவிட்டோம்.

நம் நாட்டில் கோலிங்கா போன்ற ஏற்பாடு கிடையாது. எவ்வளவு காலம் உள்ளே இருக்க வேண்டும் என்பதைத் தீர்ப்பு நாளிலேயே நீதிமன்றம் சொல்லிவிடுகிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2019இல் திருத்தப்பட்டது; அதன்படி, மிகக் கொடிய குற்றங்களுக்கு 20 ஆண்டு முதல் ஆயுள் முடியும் வரை சிறையோ, மரண தண்டனையோ விதிக்கலாம். தண்டனைக் காலத்தை இப்படி முதலிலேயே சொல்லிவிடுவதே நேர்மையான வழி. ஆனால் சிகிச்சை சிறைக்குள் முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டும், அதில் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம்.

ஊருக்குத் திரும்பி வருபவனைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் இத்தகைய வழக்குகளில் பெரும்பாலும் குற்றவாளி குழந்தைக்கு முன்பே தெரிந்தவர்தான்: உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், பாடம் சொல்லித் தருபவர். குழந்தை ஏதேனும் சொன்னால், குடும்ப மானம் என்று ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்க விடாதீர்கள். தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்கலாம். குழந்தையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. கூடியவரை பெண் உதவி ஆய்வாளர் ஒருவரே, சீருடை அணியாமல், உங்கள் வீட்டுக்கு வந்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே குழந்தை சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம்.