ஆப்பிரிக்க நகரங்களில் சத்தான சாப்பாடு கிடைக்க எதில் பணம் போட வேண்டும்?

கென்யாவின் தலைநகர் நைரோபியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிபேரா போன்ற குடிசைப் பகுதிகளில் அடுப்புக் கரிக்கே காசு தேட வேண்டும். அதனால் மந்தாசி (எண்ணெயில் பொரித்த மாவுப் பலகாரம்), சிப்ஸ், அவித்த பீன்ஸ் என்று பலரும் தெருக்கடையில்தான் அன்றாடம் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அங்கே சூப்பர்மார்க்கெட் கட்டி என்ன பயன்? என்னைக் கேட்டால் அந்தக் கடைக்காரர்களுக்குக் குழாய்த் தண்ணீர், வடிகால், கூரை, விளக்கு, இவைதான் முதல் முதலீடு. காய்கறி விற்கும் பெண்களை ('மாமா ம்போகா' என்பார்கள்) விரட்டாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

அப்புறம் பள்ளிச் சாப்பாடு. 2023-இல் நைரோபி கவுண்டி (மாவட்டம் போன்றது) அரசு பெரிய பொதுச் சமையற்கூடங்களைக் கட்டி 'டிஷி நா கவுண்டி' திட்டத்தைத் தொடங்கியது. ஒரு சாப்பாட்டுக்குப் பெற்றோர் தருவது 5 ஷில்லிங்தான். பிள்ளை கையில் கட்டிய மின்னணுப் பட்டையைக் கருவியில் வைத்தால் தட்டு கைக்கு வரும்.