புளி உருண்டை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

புதுச்சேரி லாஸ்பேட்டையில் வசிக்கிறேன். எங்களிடம் சிம்பா என்ற இரண்டு வயது லாப்ரடார் இருக்கிறான். எடை முப்பத்திரண்டு கிலோ. அவனுக்கு என்ன தின்பண்டம் கொடுப்பது என்பதில் வீட்டில் ஓயாத வாக்குவாதம். என் கணவர் உலர்த்திய கோழி இறைச்சித் துண்டுகளை வாங்கி வருகிறார். மாமியாருக்கு அது வீட்டுக்குள் வருவதே பிடிக்கவில்லை. அலுவலகத் தோழி தானியம் சேர்க்காத பிஸ்கட்தான் நல்லது என்கிறார். இன்னொருவர் இமயமலைப் பாலாடைக்கட்டி என்று ஒன்றைக் கொடுத்தார். கல்லைப் போல இருக்கிறது. மாமியாரோ தேநீர் குடிக்கும்போதெல்லாம் குளுக்கோஸ் பிஸ்கட்டை எடுத்து ஊட்டுகிறார். கேட்டால், "எங்க வீட்டு நாய் பதினாலு வருஷம் இருந்துச்சு, கண்டதையும் தின்னுச்சு, ஒண்ணும் ஆகலையே" என்கிறார். நான் கடைச் சரக்கை நம்பாமல், ஓட்ஸ், சர்க்கரை சேர்க்காத வேர்க்கடலை வெண்ணெய், பேரீச்சை, உலர் திராட்சை ஆகியவற்றைச் சேர்த்து வாரம் ஒருமுறை நானே உருண்டை பிடித்து வைக்கிறேன். எவ்வளவு கொடுத்தாலும் அவன் பசியோடுதான் பார்க்கிறான். இவற்றில் எது சிறந்தது? தின்பண்டத்தையாவது சைவமாக வைத்துக்கொள்ளலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

– ஒரு வாசகி, லாஸ்பேட்டை

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விக்கு அல்ல, போகிற போக்கில் சொன்ன ஒரு வரிக்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அந்த உருண்டைகளில் மிச்சம் இருந்தால், இதைப் படித்து முடிப்பதற்கு முன் எழுந்துபோய் அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டு வாருங்கள். தெருநாய்கள் கிளறாத குப்பையாகப் பார்த்துப் போடுங்கள். திராட்சை, அது பச்சையானாலும் உலர்ந்தாலும், நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. கேசரியிலும் பாயசத்திலும் நெய்யில் பொரித்துப் போடுகிறோமே, அதே திராட்சைதான். வேர்க்கடலை வெண்ணெய் டப்பாவின் பின்பக்கத்தையும் படியுங்கள். சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் என்ற பொருளைச் சேர்த்திருந்தால் அதுவும் ஆகாது; மனிதருக்குக் கெடுதல் செய்யாத அந்த இனிப்பு, நாயின் உடலில் இன்சுலினைத் திடீரென்று பெருக்கி இரத்தச் சர்க்கரையை வீழ்த்தும், அளவு கூடினால் கல்லீரலையும் தாக்கும். நேற்றோ இன்றோ சிம்பா அந்த உருண்டையைத் தின்றிருந்தால், வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிற ஊரில் வாழ்கிறீர்கள். முகம் தெரியாத எழுத்தாளனுக்குக் கடிதம் எழுதும் நேரத்தில் அங்கே போய்வந்திருக்கலாம்.

"வாரா வாரம் கொடுக்கிறேன், இதுவரை ஒன்றும் ஆகவில்லையே" என்று நீங்கள் இப்போது நினைப்பீர்கள். மாமியார் சொன்னபோது உங்களுக்கு எரிச்சலூட்டிய வாக்கியமும் இதுதான் என்பதைக் கவனியுங்கள். இந்த ஒரு வாக்கியம் சில ஆண்டுகளாக என்னைப் படுத்திக்கொண்டிருப்பதால்தான் உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

மற்றவற்றை விரைவாக முடித்துவிடுகிறேன். உலர்த்திய கோழித் துண்டுகளில் அவை எங்கே செய்யப்பட்டவை என்பதைப் பாருங்கள். சீனாவில் செய்யப்பட்ட இத்தகைய துண்டுகளைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007 முதல் எச்சரித்து வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகப் புகார்கள் குவிந்தும், காரணம் இன்னதென்று உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. தானியம் சேர்க்காத பிஸ்கட் என்பது மனிதரின் உணவு மோகம் நாயின் தட்டில் ஏறியதே தவிர வேறல்ல. ஓநாயைவிட மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் நாய்க்குக் கூடுதலாக வாய்த்திருப்பதை 2013இல் மரபணு ஆய்வு காட்டிவிட்டது; சோற்றுப் பருக்கையைத் தின்று மனிதனோடு வளர்ந்த பிராணி அது. தானியமற்ற உணவுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அதே அமெரிக்க நிர்வாகம் 2018இல் விசாரணையே தொடங்கியது. பாலாடைக்கட்டியை நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழவில்லை என்றால் அது பல்லை உடைக்கும். சைவத் தின்பண்டம் தாராளமாகக் கொடுக்கலாம். வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பரங்கிக்காய், காரட் ஆகியவற்றை எந்த நாயும் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. முழுச் சாப்பாட்டையும் சைவமாக்குவது வேறு கதை, அதை மருத்துவரிடம்தான் பேச வேண்டும்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு இருந்தது. அங்கே ஜிம்மி என்று ஒரு நாய் வளர்ந்தது. நாட்டு நாய்தான், அந்தக் காலத்தில் நாட்டு நாய்க்கும் ஜிம்மி, சீசர் என்றுதான் பெயர் வைப்போம். நாய்க்கென்று தின்பண்டம் வாங்குவது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாத சங்கதி. டீக்கடைக் கண்ணாடிப் புட்டியில் இருக்கும் பொறையில் பாதி எனக்கு, பாதி அவனுக்கு. அதற்கு மேல் அவனுக்கு வேண்டியிருந்ததும் இல்லை.

மாசி, பங்குனியில் வருஷத்துக்கான புளி வீட்டுக்கு வரும். அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் முற்றத்தில் கோணியை விரித்து உட்கார்ந்து, ஓடு தட்டி, நார் உரித்து, அரிவாள்மணையில் கீறிக் கொட்டை எடுப்பார்கள். உப்புச் சேர்த்து உலர்த்திய புளி பானைக்குள் போவதற்கு முன் பிள்ளைகளான எங்களுக்கும் ஒரு பங்கு கிடைக்கும். அதை வெல்லம், உப்பு, மிளகாயோடு உரலில் இடித்து, உருட்டி, துடைப்பக் குச்சியில் செருகிக்கொண்டு நாள் முழுக்க சப்புவோம். நான் ஆறாம் வகுப்பில் படித்த அந்த ஆண்டு, ஜிம்மிக்கென்று தனியாக இடித்தேன். அவனுக்கு மிளகாய் ஆகாது என்று அதை விலக்கி, நாவுக்குப் பிடிக்கட்டும் என்று வெல்லத்தை இரண்டு மடங்கு போட்டேன். தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன் என்று சொல்வதானால், என் வாழ்க்கையில் ஒரு நாய்க்காக இவ்வளவு யோசித்துத் தேர்ந்தெடுத்த தின்பண்டம் வேறில்லை. முதலில் முகத்தைச் சுளித்தான், பிறகு வெல்லத்தின் ருசி பிடிபட்டதும் என் முழங்காலில் ஒரு காலை வைத்து மறுபடி கேட்டான். ஏழு உருண்டை வரை கொடுத்த நினைவு இருக்கிறது.

அன்றிரவே வாந்தி எடுத்தான். மறுநாள் சோற்றைத் தொடாமல், மாட்டுத் தொட்டித் தண்ணீரை மட்டும் குடித்துக் குடித்துக் கக்கினான். மூன்றாம் நாள் காலையில், வழக்கமான சுவரோரம் காலைத் தூக்கி நெடுநேரம் நின்றான். ஒரு சொட்டு வரவில்லை. அதை அப்பா பார்த்து அம்மாவிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. மாட்டாஸ்பத்திரிக்கு நாயைத் தூக்கிக்கொண்டு போகும் வழக்கம் அப்போது எங்களுக்கு இல்லை. நான்காம் நாள் விடியற்காலையில் தொட்டியின் அருகிலேயே கிடந்தான்.

எங்களுக்குக் காரணம் தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை, அது கைவசம் தயாராக இருந்தது. அடுத்த வீட்டுக்காரர் வாசலில் கருவாடு காயவைப்பார். ஜிம்மி அதில் ஒருநாள் காலைத் தூக்கிவிட்டான். "இன்னொரு தடவை வந்துச்சுன்னா மருந்து வெச்சிடுவேன்" என்று அவர் கத்தியதைத் தெருவே கேட்டிருந்தது. அதற்குப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஜிம்மி சுருண்டு கிடந்த இரண்டாம் நாள், அவருடைய மனைவி ஒரு கிண்ணத்தில் நொய்க்கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்; அம்மா வாங்கிக்கொண்டு, அவர் தலை மறைந்ததும் சாக்கடையில் ஊற்றினாள். அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அடுத்த வீட்டுக்காரர் இறந்த அன்று, பாடை எங்கள் வாசலைக் கடந்தபோது அப்பா உள்ளேயே இருந்துவிட்டார்.

திராட்சை நாயை ஏன் கொல்கிறது என்பது வெகுகாலம் விளங்காமல் இருந்தது. ஒரு நாய் ஒரு குலையைத் தின்றுவிட்டு ஓடியாடும், இன்னொன்று சில பழங்களிலேயே படுத்துவிடும். 2021இல் அமெரிக்காவின் விலங்கு நஞ்சு ஆலோசனை மையத்தைச் சேர்ந்த மருத்துவர்கள், பிள்ளைகள் உருட்டி விளையாட வீட்டில் பிசைந்த மாவைத் தின்ற நாய் ஒன்றுக்கு, திராட்சை தின்ற நாய்க்கு வரும் அதே அறிகுறிகள் வந்ததைக் கவனித்தார்கள். அந்த மாவில் டார்டாரிக் அமிலத்தின் உப்பு ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது, திராட்சையில் இருப்பதும் அந்த அமிலம்தான். நாயின் சிறுநீரகத்தால் அதை எளிதில் வெளியேற்ற முடிவதில்லை என்பது அவர்களுடைய ஊகம். பழத்தின் வகைக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அமிலத்தின் அளவு மாறுவதால்தான் ஒரு நாய் தப்புகிறது, இன்னொன்று சாகிறது என்பதும் இதனால் ஓரளவு விளங்கிற்று. பின்னர் வந்த கட்டுரையில், புளியைத் தின்று சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நாய்களும் இடம்பெற்றிருந்தன. புளியின் புளிப்பே பெரும்பாலும் டார்டாரிக் அமிலம்தான். திராட்சையைவிட அதில் பல மடங்கு அதிகம். வாந்தி, தாகம், இரண்டு மூன்று நாளில் சிறுநீர் குறைந்து நின்றுபோதல் என்று அடுக்கியிருந்த வரிகளைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தேன்.

ஜிம்மி புளியால்தான் செத்தான் என்று இன்று யாரும் சான்றிதழ் தர முடியாது. அடுத்த வீட்டுக்காரர் மருந்து வைக்கவே இல்லை என்றும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஏழு உருண்டை கொடுத்தவன் நான். இருந்தும், எங்கள் வீட்டில் அவனுடைய சாவுக்கு யாரோ ஒருவரைக் காரணமாக்கியபோது என் கையை யாரும் பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை.

இப்போது உங்கள் மாமியாரின் வாக்கியத்துக்குத் திரும்புங்கள். கண்டதைத் தின்று பதினாலு வருஷம் வாழ்ந்த நாயை அந்த வீடு நினைவில் வைத்திருக்கிறது. கண்டதைத் தின்று நாலு வருஷத்தில் செத்த நாய்களும் அதே தெருவில் இருந்திருக்கும். ஆனால் அவற்றின் கணக்கு தின்பண்டத்தின் பெயரில் எழுதப்படவில்லை. "எவனோ மருந்து வெச்சுட்டான்" என்றோ, "பூச்சி கடிச்சிருக்கும்" என்றோ, "கண்ணு பட்டுடுச்சு" என்றோ வேறு பேரேட்டில் எழுதி மூடிவிட்டோம். பிழைத்தவற்றை மட்டும் எண்ணுகிறவருக்கு எதுவும் நஞ்சாகத் தெரியாது. படித்தவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். உங்கள் உருண்டைக்குக் கடைச் சரக்கைவிடத் தூய்மையானது என்ற ஒரு பெருமை கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டில் செய்தது என்பதால் ஒரு பொருள் நல்லதாகிவிடாது, அம்மா. என் புளி உருண்டையும் வீட்டில் செய்ததுதான். இதைச் சொன்னதும், ரசம் சோறு தின்ற நாயெல்லாம் செத்ததா என்று எழுதாதீர்கள். கரைத்து, வடித்து, சோற்றோடு பிசைந்த புளிக்கும், கொட்டை எடுத்த புளியை உருண்டையாக விழுங்குவதற்கும் உள்ள தூரம் சமைக்கிற உங்களுக்குத் தெரியும். ஆனால் மீன் குழம்பு ஊற்றிய சோற்றையும் நான் இப்போது நாய்க்கு வைப்பதில்லை. அதில் வெங்காயமும் இருக்கிறது, அது நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

சிம்பா பசியோடு பார்க்கிறான் என்கிறீர்கள். அவன் லாப்ரடார், அப்படித்தான் பார்ப்பான். லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, உணவு போதும் என்ற உணர்வோடு தொடர்புடைய மரபணு ஒன்றில் ஒரு பகுதி விடுபட்டிருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டுபிடித்தார்கள். அந்தப் பார்வையை நம்பித் தட்டை நிரப்பினால், நாலு வயதில் அவனால் மாடிப்படி ஏற முடியாது.

மாமியாரைப் பிஸ்கட்டுக்காக இனித் திட்டாதீர்கள். ஒரு லாப்ரடாருக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,400 கலோரி போதும், அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாகப் போகக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் வரம்பு. சிறிய குளுக்கோஸ் பிஸ்கட் ஒன்று ஏறக்குறைய 20 கலோரி. சர்க்கரையும் மைதாவும் உயர்ந்த உணவு அல்லதான். ஆனால் அவர் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று எடுத்து, ஒவ்வொன்றையும் நாலாக உடைத்துக் கொடுத்தால் சிம்பாவுக்கு எட்டு முறை கிடைத்த சந்தோஷம், உங்களுக்கு 40 கலோரிதான் செலவு. உங்கள் வீட்டுப் பட்டியலில் உள்ளவற்றில் ஆபத்துக் குறைந்தது அவருடைய கையில் இருப்பதுதான் என்பதை நீங்களே அவரிடம் சொல்லுங்கள். பாயசத் திராட்சையைப் பற்றிய எச்சரிக்கையை அதற்குப் பிறகு சொன்னால் கேட்டுக்கொள்வார்.

அடுத்த வீட்டுக்காரரின் மகன் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார், கருவாடு காய்வதும் நிற்கவில்லை. முதுநகருக்குப் போகும்போதெல்லாம் அந்த வாசலைக் கடந்துதான் போகிறேன். இரண்டு முறை நின்றேன், அவர் தலையை நிமிர்த்தி "என்ன வேணும்?" என்று கேட்டார், நெத்திலி என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வேர்க்கடலை வெண்ணெய் டப்பாவின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். சிம்பா இந்த இரண்டு மூன்று நாளாகச் சரியாகச் சிறுநீர் கழிக்கிறானா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.