ஸ்பானிய வினை வடிவங்களை அசை பிரித்து, அழுத்தம் விழும் இடத்தைக் கண்டறிவது எப்படி?

'சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்' என்னும் கோமியா போன்ற வினை வடிவங்களுக்கு எத்தனை அசை, அழுத்தம் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். அழுத்த விதி எளிது. தடுமாற்றம் பெரும்பாலும் அசை பிரிப்பில்தான் வருகிறது. இரண்டு உயிர்கள் ஒட்டி நிற்கும் இடங்களைத் தவிர, ஓர் உயிரொலிக்கு ஓர் அசை என்பதே இங்கே கணக்கு. 'கருவிளம்' என்பதை இரண்டே அசையாக எண்ணும் யாப்புப் பழக்கத்தை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ஒற்றை மெய் பின்னுள்ள உயிரோடு சேரும். இரண்டு மெய்கள் பொதுவாகப் பிரியும், ஆனால் ப்ல, த்ர போன்ற கூட்டுகள் பிரியா. ஆகவே 'பேசுகிறோம்' என்னும் பொருளுடைய ஆப்லாமோஸ், ஆ-ப்லா-மோஸ் என மூன்றசையாகும். உயிரிலோ என், எஸ் எழுத்துகளிலோ முடியும் சொல்லுக்கு ஈற்றயலசையிலும், பிற மெய்களில் முடிவதற்கு ஈற்றசையிலும் அழுத்தம் விழும். இதை மீறும் சொல்லில் அழுத்தம் பெறும் உயிரின் மேல் சாய்கோடு இடுவார்கள். ஆப்லாமோஸுக்குக் கோடு தேவையில்லை. 'பேசிக்கொண்டிருந்தோம்' என்னும் ஆப்லாபாமோஸில் ஈற்றிலிருந்து மூன்றாம் அசை அழுத்தம் பெறுவதால் கோடு கட்டாயம்.

அ, எ, ஒ வலிய உயிர்கள். அவற்றில் இரண்டு அடுத்தடுத்து வந்தால் பிரிந்தே நிற்கும். இ, உ ஆகிய மெலிய உயிர்கள் வலிய உயிரின் அருகே வந்தால் ஒட்டி ஓரசையாகும். ஆனால் மெலிய உயிரின் மேலேயே அழுத்தம் விழுந்தால் பிரியும், அப்போது கோடு எப்போதும் இருக்கும். கோமியாவில் இகரத்தின் மேல் கோடு இருப்பதால் அது கோ-மி-ஆ, மூன்றசை. தொடர்தலைக் குறிக்கும் கொந்தினுவார் என்னும் வினையில் இது தெளிவாகத் தெரியும்: உகரத்தின் மேல் கோடிட்டால் கொன்-தி-னு-ஓ, நான்கசை, 'தொடர்கிறேன்'; கடைசி ஓகாரத்தின் மேல் இட்டால் கொன்-தி-னுவோ, மூன்றசை, 'அவர் தொடர்ந்தார்'; கோடே இல்லாவிட்டால் அது வினையே அன்று, 'தொடர்ச்சியான' என்னும் பெயரடை, அழுத்தம் 'தி'யில்.

எந்த வினை பிரியும், எது ஒட்டும் என்பதை வினையின் மூல வடிவத்தைப் பார்த்து எப்போதும் ஊகிக்க இயலாது. காம்பியார் 'மாற்றுகிறேன்' எனும்போது காம்-பியோ என்று ஒட்டுகிறது. என்பியார் 'அனுப்புகிறேன்' எனும்போது என்-பி-ஓ என்று பிரிகிறது. ஆகவே ஒவ்வொரு வினையையும் அதன் தன்மை ஒருமை நிகழ்கால வடிவத்தோடு சேர்த்தே மனப்பாடம் செய்வது நல்லது.

பழைய பாடநூல்களில் 'அவர் சிரித்தார்' என்னும் ரியோவுக்கும் கோடு இருக்கும். ஸ்பானிய மொழி விதிகளை வகுக்கும் ஸ்பானிய அரச கழகம் 2010இல் வெளியிட்ட எழுத்திலக்கணப்படி அது ஓரசைச் சொல், கோடு கூடாது. பேச்சில் அதை இரண்டசையாக ஒலிப்பவர்களும் எழுத்தில் இவ்விதியையே பின்பற்ற வேண்டும். 'சிரிக்கிறேன்' என்னும் ரி-ஓவுக்கு மட்டும் இகரத்தின் மேல் கோடு நீடிக்கிறது.