ஜி.ஐ. தகர வாய்க்காலோடு பிவிசி வாய்க்காலை இணைக்கலாமா?

ஒருவர் கேட்ட கேள்வி இதுதான்: அவருடைய பழைய ஓட்டு வீட்டுக்கு ஜி.ஐ. தகட்டில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில் செய்த கூரை வாய்க்கால் இருக்கிறது. முன்பக்கம் புதிதாக ஷீட் இறக்கி, நான்கு அங்குல பிவிசி பைப்பை நீளவாக்கில் இரண்டாக அறுத்து மாட்டப் போகிறார். இரண்டின் தண்ணீரையும் ஒரே குழாயில் தொட்டிக்கு இறக்கலாமா?

தாராளமாக இறக்கலாம். ஆனால் இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டி வைக்காதீர்கள். பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் ஷெட் வேலை பார்க்கிறேன். கோடை மழை ஆரம்பித்ததும் "அந்த ஜாயின்ட்ல ஒழுகுதுங்க" என்று போன் வந்தால், போய்ப் பார்க்கும் இடத்தில் பெரும்பாலும் தகரமும் பிவிசியும் பசை போட்டு இறுக்கப்பட்டிருக்கும்.

காரணம் வெயில். இருபது அடி பிவிசி, விடியற்காலைக் குளிருக்கும் உச்சி வெயிலுக்கும் நடுவே நாற்பது டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் நீளும். அதே நீளத் தகரம் மூன்று மில்லிமீட்டர்தான் நீளும். தினமும் ஒன்று இழுக்க, இன்னொன்று நகராமல் நிற்க, நடுவில் இருக்கும் பசை என்ன செய்யும்? பிசைந்து ஒட்டும் எபாக்சி கல்லாக இறுகி விரிசல் விடும். சிலிகான் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், பிறகு ஒரு பக்கம் உரிந்துவிடும். பிவிசி சால்வென்ட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது பிவிசியைக் கரைத்து பிவிசியோடு சேர்ப்பது, தகரத்தில் அதற்கு வேலையே இல்லை.

நான் செய்வது ஒரு பெட்டி. இரண்டு வாய்க்காலும் சந்திக்கிற மூலையில், ஜி.ஐ. தகட்டிலேயே ஓர் அடிக்கு முக்கால் அடி அளவில் மேல்பக்கம் திறந்த பெட்டி ஒன்றைத் தகர வேலை செய்பவரிடம் மடித்து வாங்கிச் சுவரில் மாட்டிவிடுவேன். அடியில் நான்கு அங்குலக் குழாய்க்கு வாய். தகர வாய்க்காலைப் பெட்டியோடு ரிவெட் அடிக்கலாம், இரண்டும் ஒரே உலோகம்தானே. பிவிசியின் முனை மட்டும் பெட்டிக்குள் மூன்று நான்கு அங்குலம் சும்மா நீட்டிக்கொண்டிருக்கட்டும். பசையும் வேண்டாம், ஸ்க்ரூவும் வேண்டாம். அது நீளட்டும், சுருங்கட்டும், தண்ணீர் பெட்டியில்தான் விழும். பெட்டியின் முன்பக்க விளிம்பை பின்பக்கத்தைவிட ஓர் அங்குலம் தாழ்த்தச் சொல்லுங்கள். குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வாசல் பக்கம் வழியும், சுவருக்குள் இறங்காது.

பெட்டிக்கு இடமில்லை, ஒரே நேர்கோட்டில்தான் போக வேண்டும் என்றால், தண்ணீர் வருகிற பக்கத்து வாய்க்கால் மேலே, போகிற பக்கத்து வாய்க்கால் கீழே இருக்கும்படி நான்கு அங்குலமாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும். மாற்றிப் போட்டால் அந்த விளிம்பில் புளிய இலை சிக்கும். நம் பக்கம் எந்த வீட்டருகிலும் ஒரு புளியமரம் இருக்கிறது, அந்தப் பொடி இலைக்கு வலை போட்டும் பயனில்லை. வாட்டம் பத்து அடிக்கு ஓர் அங்குலம் கொடுங்கள். ஜாயின்ட்டுக்கு இரண்டு பக்கமும் ஓர் அடிக்குள் கிளாம்ப் இருக்கட்டும், ஆனால் பிவிசியை கிளாம்ப் நெரிக்கக் கூடாது.

அளவையும் பாருங்கள். நான்கு அங்குல பைப்பில் பாதி என்பது, ஆறுக்கு நான்கு அங்குலத் தகர வாய்க்கால் கொள்வதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் கொள்ளும். ஓட்டுக் கூரைத் தண்ணீர் முழுவதையும் அந்தப் பாதிப் பைப்பில் திருப்பினால் ஒட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வழியத்தான் செய்யும். ஐந்நூறு சதுர அடிக் கூரையில் ஒரு மணி நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் இறங்கும். சிறியது பெரியதில் விழலாம், பெரியது சிறியதில் விழக் கூடாது.

பின்னால் எப்போதாவது அலுமினியம் வாங்கினால், அதற்கும் ஜி.ஐ.க்கும் நீளும் வித்தியாசம் குறைவு, ரிவெட் அடிக்கலாம். நடுவில் ஒரு ரப்பர் பட்டை வைத்து அலுமினிய ரிவெட்டே போடுங்கள். வெறும் இரும்பு ஆணி வேண்டாம். செம்பு மட்டும் ஆகாது. செம்பின் மேல் ஓடி வந்த தண்ணீர் அடுத்து ஜி.ஐ.யிலோ அலுமினியத்திலோ விழுந்தால் சீக்கிரமே அரித்து ஓட்டை போட்டுவிடும். ஜி.ஐ. மேலே, செம்பு கீழே என்றால் அவ்வளவு தொல்லை இல்லை. ஓசூர் பக்கம் அழகுக்காக செம்புத் தகடு கேட்பவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்.

உலோகத்தில் பூச சிலிகான் வாங்கும்போது வினிகர் வாடை அடிப்பதை விட்டுவிட்டு, டியூபில் நியூட்ரல் என்று போட்டிருப்பதை எடுங்கள். வாடை அடிப்பதிலிருந்து வரும் அமிலம் துத்தநாகப் பூச்சைத் தின்னும். அதைவிட மோசம், மேஸ்திரி ஒழுகல் கண்ட இடத்தில் சிமெண்ட் பாலைக் குழைத்து அப்புவது. ஈர சிமெண்டின் காரம் துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் அரிக்கும், காய்ந்த பிறகு எபாக்சி மாதிரியே வெடிக்கவும் செய்யும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் ஃபுளோரைடு உள்ள போர் தண்ணீருக்குப் பதிலாக மழைத் தண்ணீரைக் குடிக்கப் பிடிப்பவர்கள் உண்டு. உங்கள் தொட்டியும் அப்படித்தான் என்றால், வாய்க்காலின் உள்பக்கம் தாரோ சாதாரண பெயிண்டோ பூசாதீர்கள். பிவிசியின் வெளிப்பக்கத்துக்கு மட்டும் வெள்ளை பெயிண்ட் அடியுங்கள், வெயிலில் பொரிந்து உடைவது தள்ளிப்போகும், நீளுவதும் குறையும்.

வேலை முடிந்ததும் வெயிலில் தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்துவிடாதீர்கள். மதியம் பிவிசி நீண்டு நன்றாகவே ஏறி உட்கார்ந்திருக்கும். மறுநாள் விடிந்ததும், அது சுருங்கி இருக்கிற நேரத்தில், தூரத்து முனையிலிருந்து இரண்டு குடம் ஊற்றிப் பாருங்கள். அப்போது சொட்டவில்லை என்றால் சரி.